ஈன்றோர் கடனும் ஊர்க் கடனும்

பரிசளிப்பு விழாக்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் சொற்பொழிவாளர் பெரிதும் எடுத்தாளும் சங்கச் செய்யுட்களுள் ஒன்று பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டாகும். மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பென்றும், அவனை மாண்புடையோனாகச் செய்வது தந்தையின் பொறுப்பென்றும் அப்பாட்டுக் கூறுதலால், கல்வி பற்றிப் பேசுவோர் அதனை ஓர் இலக்கணமாகவே கொண்டுவிட்டனர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்துமா என்பதும், பொருந்தாதாயின் அதனை நிறைவு செய்வது யாது என்பதும் ஆராயத்தக்கன. இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாக விபுலானந்த அடிகளாரைத் தந்த காரைதீவின் கல்வி வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

பாட்டும் அதன் எல்லையும்

இப்பாட்டின் திணை வாகை, துறை மூதின்முல்லை. மறக்குடியிற் பிறந்த மூதாட்டி ஒருத்தியின் கூற்றாக அமைந்தது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஐவர் கடன்கள் இதன்கண் முறையே கூறப்படுகின்றன. புறநானூற்றின் பழையவுரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுதலின், இப்பாட்டிற்குப் பண்டையுரையின் துணை நமக்கில்லை. போர்க்களச் சூழலை நோக்கி, தந்தை ஆக்கும் சான்றோன் என்பான் வீரனே எனக் கொள்வாருமுளர். கல்வி ஒழுக்கங்களான் நிறைந்தவன் என்பாருமுளர். வேந்தன் கடனைக் கூறுமிடத்திலும் பாடவேறுபாடு உண்டு. நன்னடை என்னும் பாடத்தைக் கொள்ளின் நல்லொழுக்கம் பயிற்றுதல் அரசின் பொறுப்பாகும். தண்ணடை என்னும் பாடத்தைக் கொள்ளின் மருதநிலம் வழங்குதலோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடும். ஒரு சொல்லின் வேறுபாட்டில் அரசு ஆசிரியனாகவும் ஆகலாம். வெறுங் கொடையாளியாகவும் ஆகலாம்.

எப்பாடத்தைக் கொள்ளினும் ஒன்று தெளிவு. வேல் வடிக்கும் கொல்லனுக்கு இப்பாட்டில் இடமுண்டு. எழுத்தறிவிக்கும் ஆசிரியனுக்கு இடமில்லை. பள்ளி இல்லை, ஊரும் இல்லை. கடன்கள் யாவும் ஒரு தாயின் ஒரு மகனை நோக்கியே எழுகின்றன. மறக்குடித் தாயொருத்தியின் வாய்மொழியிற் பள்ளியைத் தேடுதல் முறையன்று ஆதலின், இது பாட்டின் குறையன்று. வீரயுகத்துக் குடும்பமொன்றின் உரையைப் பொதுக்கல்வியின் சாசனமாக மேடையேற்றுவோர் குறையே இது. அவர் கூற்றைக் கேட்கும் தந்தை, தன் மகனைப் படிப்பித்துவிட்டால் தன் கடன் தீர்ந்தது என்று எண்ணி வீடு திரும்புகின்றான். அயல்வீட்டான் மகன் என்னாவான் என்னும் வினா அவன் செவியிற் படுவதேயில்லை.

வள்ளுவர் இவ்விடத்தில் ஒருபடி மேலே செல்கின்றார். மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தலே தந்தை செய்யும் உதவி என்பது ஒரு குறளின் கருத்து. இதனை யாவரும் எடுத்தாள்வர். அதற்கு அடுத்த குறளோ, மக்களின் அறிவுடைமை பெற்றோரைக் காட்டினும் உலகத்து உயிர்கட்கெல்லாம் இனிமை தருவது என்கின்றது. அவ்வறிவு கல்வியோடு கூடிய அறிவென்பது பரிமேலழகர் கருத்து. பிள்ளையின் கல்வியால் வரும் பயன் பெற்றோரினும் உலகத்தார்க்கே மிகுதியாயின், அக்கல்வியின் பொறுப்பும் உலகத்தார்க்கு உரியதாதல் வேண்டுமன்றோ? முதற்குறளை மேடையிற் கேட்கின்றோம்; இரண்டாவதை அத்துணை கேட்கின்றோமில்லை.

ஊர் கூடிக் கல்வியைப் பேணும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட ஒரு கல்லூரியைக் கூறுகின்றது. ஊர்ச்சபையார் அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றிருந்தனர். ஆயினும் அங்கே வேதமும் அதனைச் சார்ந்த நூல்களும் பயின்றோர் ஒரு குலத்தாரேயாவர். உழுது நெல் அளந்தவன் பிள்ளைக்கு அதனுள் இடமில்லை. ஆகவே நம் மரபிலே இருவகைக் குறை இருந்தமை புலனாகும்: குடும்பத்தின் கடன் தன் பிள்ளையோடு நின்றது, ஊரின் கடன் ஒரு சாராரோடு நின்றது. இவ்விரண்டையும் கடந்து, ஊரார் யாவரும் ஊர்ப்பிள்ளைகள் யாவர்க்கும் நல்ல பள்ளி வேண்டுமென்று கேட்கும் நிலை அண்மைக் காலத்தே தோன்றியதாகும். அந்நிலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தளர்ந்தது என்பதைக் கீழ்க்கரையோர ஊராகிய காரைதீவில் வைத்துக் காண்போம்.

காரைதீவு தரும் சான்று

காரைதீவு, 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்து இன்று அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்த நெய்தலும் மருதமும் மயங்கிய ஊர். கண்ணகியம்மன் கோயிலாற் புகழ்பெற்ற இச்சைவத் தமிழூருக்கு வடக்கே மாளிகைக்காடு, சாய்ந்தமருது, அப்பாற் கல்முனையும், தெற்கே நிந்தவூரும் உள்ளன. தமிழே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் இவ்வூர்களிற் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். ஒரே வயல்வெளி, ஒரே கடல், ஒரே மொழி. கல்வியில் இரு சாராரும் நெடுங்காலம் பட்ட இடரும் ஒன்றே.

1892ஆம் ஆண்டு இவ்வூரிற் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனன் ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தொடக்கக் கல்வி கற்றான். மேற்கல்விக்கு ஊரிற் பள்ளியில்லை. ஆதலாற் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்கும், பின்னர் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்கும் சென்றான். பிறசமயத்தார் நடாத்திய அப்பள்ளிகள் நற்கல்வி அளித்தமையை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆனால் அக்கல்வியைப் பெற வேண்டின், பிள்ளையை ஊரிலிருந்து பிரித்தனுப்பும் வசதி தந்தைக்கு வேண்டும். சாமித்தம்பி அது செய்தார். பொன்முடியார் பாட்டிற் கூறிய தந்தை கடனைக் குறைவற ஆற்றினார். அது செய்ய இயலாத பெற்றோரின் பிள்ளைகள் எத்துணையர் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை.

மயில்வாகனனார் 1916இல் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதராகவும் 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஆயினார்; மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபராயினார்; 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்து 1924இல் விபுலானந்தர் எனத் துறவுப் பெயர் பூண்டார். 1925இல் ஈழம் மீண்டு மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது.

இவ்விடத்தில் அடிகளாரைப் பற்றிய நூல்களையும் நினைவு மலர்களையும் பயில்வோர் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். பள்ளிகள் எழுந்த செய்தி கூறப்படும் வாக்கியங்களில் எழுவாய் பெரும்பாலும் ஒருமையாகவே உள்ளது: அடிகள் நிறுவினார், அடிகள் வளர்த்தார் என்றே அவை முடிகின்றன. அன்பினால் எழுந்த இவ்வொருமை வரலாற்றிற்குப் போதியதன்று. அக்காலத்து உதவி நன்கொடை முறையிற் பள்ளியொன்று முதலிற் கட்டடமும் மாணவரும் ஆசிரியரும் உடையதாய் நடந்து காட்டல் வேண்டும். அதன் பின்னரே அரசாங்க நன்கொடைக்கு உரியதாகப் பதியப்பெறும். அவ்விடைக்காலத்தில் ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வந்தது? கூரைக்கு ஓலை எங்கிருந்து வந்தது? நிலைபெற்ற பள்ளியை விட்டு, நாளை இருக்குமோ இராதோ என்று அறியப்படாத பள்ளிக்குத் தம் பிள்ளையை அனுப்பத் துணிந்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை ஊராரே, பெற்றோரே. திருகோணமலையிற் சைவ மக்கள் 1897இல் தொடங்கிய பாடசாலையை 1925இல் மிஷன் ஏற்றுக்கொண்டமை இதற்குச் சான்றாகும். மிஷனுக்கு முன்னே அங்கு மக்களின் வேட்கை இருந்தது. நிருவாகத் திறனையும் துறவின் நம்பகத்தையும் அடிகள் கொணர்ந்தார்.

இவ்வாறு கூறுதல் அடிகளின் பெருமையைக் குறைப்பதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த காலத்து (1931-33) அருகிலுள்ள திருவேட்களத்திற் சாதியால் ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கற்பித்த பெருந்தகை அவர். எண்ணாயிரத்தின் குறை எதுவோ அதனை அவர் வாழ்வு தீர்த்துவைத்தது. ஆயின் பள்ளிகள் யாவும் ஒரு பெரியோன் அளித்த வரம் என்று எழுதுவோமாயின், அடுத்த பெரியோன் பிறக்குமளவும் கைகட்டிக் காத்திருத்தலே நமக்குரிய செயலாகும். அவை பெற்றோர் கேட்டுப் பெற்றவை என்று உணர்வோமாயின், இன்றும் கேட்கலாம் என்னும் துணிவு பிறக்கும்.

இவ்வுண்மைக்கு அயலூராகிய கல்முனையும் சான்று பகர்கின்றது. இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமாகிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் 1942இற் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். போர்க்காலத்து உணவு உற்பத்தியே அவர்க்கிட்ட பணி. அங்கே அவர் விபுலானந்த அடிகளோடு நட்புப் பூண்டார். வயலில் விளைவு பெருகியும் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கியிருத்தலைக் கண்டார். ஊர்ப் பெரியோரைக் கூட்டி அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அதன் வளர்ச்சியே 1945இல் எழுந்த இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி. தம் பிள்ளையின் பொருட்டன்றி, திறமையிருந்தும் பொருளில்லாத பிறர் பிள்ளையின் பொருட்டுக் கையிட்டுக் கொடுத்த அச்செயலே ஊர்க் கடனின் இலக்கணம் எனலாம். காவியுடுத்த துறவி ஒருவரும் முஸ்லிம் சமூகத்து அதிகாரி ஒருவரும் ஒரே கரையில், ஒரே காலத்தில், ஒரே குறையைக் கண்டு வருந்தினர் என்பது இக்கரையார் மறத்தற்கரியது.

கேட்பாரை இழந்த காலம்

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு வித்திட்டவர் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. நாட்டுப்புறங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய பாடசாலைகளும் அவர் முயற்சியால் எழுந்தன. ஆயின் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் தம் மத்துகமத் தொகுதியிலேயே தோல்வியுற்றார். தேர்தல் தோல்விக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும் தம் பிள்ளைகளின் கட்டணத்தை நீக்கியவரைக் காத்தல் வேண்டுமென்னும் உணர்வு பெற்றோரிடத்தே ஓரணியாகத் திரளவில்லை என்பது வெளிப்படை. கேட்டுப் பெற்றதை மக்கள் காப்பர். கேளாமற் கிடைத்ததைக் கைப்பொருளாகக் கருதி மறப்பர்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களிற் பாடசாலைக் கட்டடங்களுள் தங்கியிருந்து எதிர்ப்புக் காட்டினர். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அரசினர் பாடசாலைகளாயின. இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் சிறியனவல்ல. ஆசிரியர்க்குச் சம்பளம் உறுதியாயிற்று. முகாமையாளரின் விருப்பு வெறுப்புக்கு அஞ்சி வாழும் நிலை ஒழிந்தது. சமயச் சார்பினால் மாணவர் பாகுபடுத்தப்படுதல் குறைந்தது.

ஆயினும் ஓரிழப்பு நேர்ந்தது. முன்னர்ப் பள்ளியின் முகாமையாளர் பெரும்பாலும் ஊரறிந்தவராயிருந்தார். கணித ஆசிரியர் இல்லையெனிற் பெற்றோர் அவர் வாயிலிற் சென்று கேட்டனர். திருவிழாவிற் கண்டாலும் கேட்டனர். பின்னரோ கேட்கப்பட வேண்டியவர் தொலைவிலுள்ள பணிமனையொன்றிற் கோப்புகளின் பின்னே மறைந்தார். அவர் மாற்றலாகிச் சென்றால் வேறொருவர் வருவார். கோப்பு மட்டும் அங்கேயே இருக்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னர்த் தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சினையும் ஏனையவை மாகாண சபையையும் சார்ந்தமையால், யாரைக் கேட்பது என்பதே ஒரு வினாவாயிற்று. பள்ளி மக்களுடையதாயிற்று என்று சட்டம் கூறிய காலந்தொட்டு, பள்ளி நம்முடையதன்று என்னும் எண்ணம் மக்களிடத்தே வளர்ந்தது. வரலாற்றின் முரண்களுள் இஃதொன்று.

விலகலும் வினாவும்

இன்றைய பெற்றோர் பிள்ளைகளின் கல்வியிற் கருத்தற்றவர் என்று எவரும் கூறார். நாள்தோறும் மாலையிற் பிள்ளையைத் தனியார் வகுப்புக்குக் கொண்டுசெல்லும் தாயும், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக ஈராண்டு உறக்கம் இழக்கும் தந்தையும் ஊர்தோறும் உளர். ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சிறுவர் அப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். நாட்டுப்புறத்து ஏழைப்பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்குக் கொணர்தற்கு வழியாக எழுந்த புலமைப்பரிசில், இன்று சிற்றூர்ப் பள்ளியினின்றும் சிறந்த மாணவரைப் பிரித்தெடுத்துப் பெயர்பெற்ற பள்ளிகளிற் சேர்க்கும் சல்லடையாய்விட்டது. கருத்து இருக்கின்றது, உழைப்பும் இருக்கின்றது. அவை செல்லும் திசையே குறையுடையது.

ஆல்பேட் ஹேர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனம் தளரும்போது அதனைச் சார்ந்தோர்க்கு விலகிச்செல்லுதல், குரலெழுப்புதல் என இருவழிகள் உள என்று காட்டினார். பொதுப்பள்ளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் கூறியது நாம் சிந்திக்கற்பாலது: கல்வியின் தரத்தில் மிகுந்த கருத்துடைய பெற்றோரே முதலில் விலகுவர், குரலெழுப்பக்கூடியவர் அவரேயாதலால், அவர் விலகியபின் பள்ளி ஊமையாகிவிடும். இலங்கையில் அரசினர் பாடசாலைகள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் தேசிய பாடசாலைகள் நானூறுக்கும் உட்பட்டன. நூற்றுக்குக் குறைந்த மாணவரையுடைய சிறு பாடசாலைகளோ ஏறத்தாழ மூவாயிரம். சிற்றூர்களினின்றும் மக்கள் பெயர்தலும் பிறப்பு விகிதம் குறைதலும் இதற்குக் காரணங்களேயாயினும், விலகுதல் அவற்றொடு சேர்ந்து பள்ளியை மெலிவிக்கின்றது. மாணவர் குறைய ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறைய எஞ்சிய மாணவரும் குறைவர். கடைசியில் அங்கு எஞ்சுவோர் விலகுதற்கும் வகையில்லாத ஏழைகளின் பிள்ளைகள்.

குரலெழுப்பிய பெற்றோர் எதனைச் சாதித்தனர் என்பதற்கு உலக வரலாற்றிற் சான்றுண்டு. அமெரிக்காவின் தென்கரோலினா மாநிலத்துக் கிளாறெண்டன் என்னும் நாட்டுப்புறத்திற் கறுப்பின மக்களின் பிள்ளைகள் பல மைல் நடந்து பள்ளி சென்றனர். வெள்ளையர் பிள்ளைகளுக்கோ பேருந்து இருந்தது. 1947இற் பெற்றோர் ஒருவர் தம்மவர் பிள்ளைகளுக்கும் பேருந்து வேண்டுமென வழக்கிட்டார். அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. பின்னர்ப் பெற்றோர் பலர் ஒன்றுகூடிச் சமமான பள்ளியே வேண்டுமெனக் கேட்டனர். அதன்பொருட்டுத் தொழிலையும் இருப்பிடத்தையும் இழந்தோரும் அவருள் உளர். அவ்வழக்கு ஏனைய வழக்குகளோடு சேர்ந்து, பள்ளிகளில் இனப்பிரிவு சட்டவிரோதம் என 1954இல் உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்கு அடிகோலியது. ஒரு பேருந்திற்கான வினாவே ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றியது.

தமிழ்நாட்டிலும் நிகழ்ச்சிகள் உள. 1953இல் அரைநாட் பள்ளியும் அரைநாட் குலத்தொழிலுமாக வகுக்கப்பட்ட கல்வித்திட்டம், தம் பிள்ளைகளுக்கு முழுநாட் கல்வி வேண்டுமென்ற மக்களின் எதிர்ப்பால் 1954இற் கைவிடப்பட்டது. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வி இயக்குநராயிருந்த காலத்து 1958 தொடங்கி நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைத் தாமே பட்டியலிட்டு உதவினர். 2009ஆம் ஆண்டின் இந்தியக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்திற் பாதியினர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. நம் நாட்டிற் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் உளது. பெற்றோர் அதில் உறுப்பினரே. ஆனால் அதன் தலைவர் அதிபரே. கேட்க வேண்டியவரும் விடையளிக்க வேண்டியவரும் ஒருவராயிருத்தலின், அங்கு வினாவெழுதல் அரிது. சுவர்க்கு வண்ணமிடவும் மதில் கட்டவும் பணந்திரட்டுதலோடு சங்கம் அமைதியுறுகின்றது. கொடுத்தலுக்குப் பெற்றோரை அழைத்துக் கேட்டலுக்கு அழையாத சங்கம் பாதிச் சங்கமேயாகும்.

தடைகளும் விடைகளும்

பெற்றோர்க்குக் குரல் அளித்தல் ஆசிரியர்க்கு இடையூறாகும் என்பர் சிலர். பாடத்தை எவ்வாறு கற்பித்தல் என்பது ஆசிரியர்க்கே உரியது. அதிற் பெற்றோர் தலையிடுதல் தகாது. ஆயின் ஆசிரியர் இருக்கின்றாரா, ஆய்வுகூடம் திறக்கப்படுகின்றதா, கணக்கு வெளிப்படையாக உள்ளதா என்பன யாவரும் கேட்டற்குரியன. ஊர்ச் செல்வரும் கட்சிக்காரரும் சங்கத்தைக் கைப்பற்றுவர் என்பது இரண்டாவது தடை. இது மெய்யான அச்சமே. அதற்கு மருந்து கூட்டத்தை ஒழித்தலன்று. கூட்டத்திற்கு வருவோரைப் பெருக்குதலேயாம். கூலிக்குச் செல்லும் தாய்க்கும் வரக்கூடிய நேரத்திற் கூட்டம் வைத்தால் இக்குறை பெரும்பாலும் நீங்கும். அரசியலமைப்பே கல்வியில் யாவர்க்கும் சமவாய்ப்பை உறுதிசெய்துளதே, வேறென்ன வேண்டும் என்பர் வேறு சிலர். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை அதனை அரசின் நெறியாகக் கூறுவது உண்மை. ஆயின் 29ஆம் உறுப்புரை அந்நெறிகளைக் கொண்டு நீதிமன்றிற் செல்லல் இயலாதெனத் தடுக்கின்றது. நீதிமன்றிற் பேச இயலாத உரிமை ஊர்மன்றிலே பேசப்படாவிடின் அது ஏட்டுச் சுரைக்காயே.

காரைதீவுக்கு மீள்வோம். கல்முனைக் கல்வி வலயத்துள் காரைதீவுக் கோட்டமும் சாய்ந்தமருது, நிந்தவூர்க் கோட்டங்களும் ஒருங்கே அடங்கும். 1985இலும் 1990இலும் நேர்ந்த கலகங்கள் இவ்வூரார்க்கிடையே ஆறாப் புண்களை உண்டாக்கின. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இரு சாராரையும் வேற்றுமையின்றி வாரிச் சென்றது. இன்று ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் இல்லையெனின் அக்குறை அவ்வூர்க் குறை மட்டுமன்று. ஒரே பணிமனையில் ஒரே மேசைமேல் இருக்கும் குறை. தமிழ்ப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் வெவ்வேறு நாளில் வெவ்வேறாகச் சென்று தம் பள்ளிக்கு மட்டும் கேட்பாராயின், ஒருவர்க்குக் கொடுத்தது மற்றவரிடமிருந்து பறித்தது என்னும் ஐயமே வளரும். ஒருங்கே சென்று வலயம் முழுதிற்கும் கேட்பாராயின் அவர் குரல் வலியுடையதாகும். 1942இல் இரு பெரியோர் இடையே இயன்றது, இன்று கற்ற பெற்றோர் பலர் இடையே இயலாது என்பது நம்பத்தக்கதன்று.

பொன்முடியார் பாடிய தாய் தன் கடனையும் பிறர் கடனையும் எண்ணிக் கூறும் தெளிவுடையவள். அவளிடத்திலிருந்து நாம் கற்கவேண்டியது அத்தெளிவையே. அவள் வகுத்த ஐவகைக் கடனோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தல் நம் காலத்தின் தேவை: தன் பிள்ளை பயிலும் பள்ளியையும் தன் பிள்ளை பயிலாத பள்ளியையும் ஒப்ப நோக்கி, அவற்றிற்கு வேண்டுவன கேட்டல் ஊராரின் கடன். விபுலானந்தர் பெயரால் மத்திய கல்லூரியும் மண்டபங்களும் சிலைகளும் உள. ஆண்டுதோறும் மலர்களும் வெளிவருகின்றன. அவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் அவர் பிறந்த ஊரில் ஏழையொருவன் பிள்ளை ஊரைவிட்டு அகலாமலே நிறைவான கல்வி பெறும் நாளே அவர்க்கு நாம் எடுக்கும் மெய்யான நினைவுச் சின்னமாகும்.